இயல் பகுப்பு முந்துமா, களம் முந்துமா?
– ஆய்வேட்டுத் திட்டமிடல் குறித்து ஒரு மறுப்பு

முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்ய வரும் மாணவரிடம் நம் தமிழ்த்துறைகள் முதலில் கேட்பது இயல் பகுப்பு. முன்னுரை, ஐந்து இயல்கள், முடிவுரை, பின்னிணைப்பு என்னும் சட்டகம் ஒரே வாரத்தில் எழுதப்பெற்றுக் குழுவின் ஒப்புதலையும் பெற்றுவிடுகிறது. முதன்மைத் தரவுகளில் ஒன்றையேனும் மாணவர் கண்டிருக்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்துவதில்லை. இதனைத் திட்டமிடல் என்று போற்றுவோர் உளர். திட்டமிடலைத் தொடக்கத்திலேயே கைவிடும் வழி இது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இவ்வழக்கத்தின் விளைவைச் சோத்கங்கா மின்தொகுப்பில் எவரும் காணலாம். 'நாவல்களில் பெண்கள்', 'கவிதைகளில் சமுதாயச் சிந்தனைகள்' என நீளும் தலைப்புகளில் ஆசிரியர் பெயரை மாற்றினால் ஓர் ஆய்வேடு மற்றோர் ஆய்வேடாகிவிடும். வினா இல்லாத இடத்தில் காலத்தைப் பங்கிட வழியில்லை. ஆகவே முதல் மூன்றாண்டுகள் கருத்தரங்கக் கட்டுரைகளில் கழிகின்றன. இறுதி ஆறு மாதங்களில் ஆய்வேடு 'தட்டச்சு' செய்யப்படுகிறது. (எழுதப்படுகிறது என்று கூற மனம் ஒப்பவில்லை.)

மாற்று வழி யாது என்பதை ஒரு களத்தைக் கொண்டு விளக்கலாம். கருநாடக மாநிலத்தின் ஹனூர்ப் பகுதியில் வாழும் தமிழரின் பேச்சுமொழியை ஒரு மாணவர் ஆய்வுப் பொருளாகக் கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். ஹனூர், ராமாபுரம், கௌதள்ளி, மார்டள்ளி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பழைய கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதன் பகுதியாயிற்று. இவ்வரலாற்றை முன்னுரையில் ஒரு பத்தியாக எழுதி முடித்துவிடுவது நம் வழக்கம். உண்மையில் ஆய்வின் கால அட்டவணை முழுவதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

1956க்கு முன் பள்ளியில் சேர்ந்தவர்கள் இன்று எழுபத்தைந்து வயதை ஒட்டியோ கடந்தோ இருப்பர். இவர்கள் எம்மொழியில் எழுத்தறிந்தனர், வீட்டில் எதனைப் பேசினர், அலுவலகத்தில் எதனைப் பேசினர், அடுத்த தலைமுறையின் பேச்சில் கன்னடச் சொற்கள் எவ்வழி நுழைந்தன என்பனவே ஆய்வின் உயிர்நிலை வினாக்கள். இயல் பகுப்பு செம்மையாக இருந்தும், நான்காம் ஆண்டில் களம் செல்லும் மாணவர் இவர்களுள் எத்தனை பேரைக் காண்பார்? முதியோர் பதிவு முதலாண்டிலேயே நிகழ வேண்டும். ஆவணங்கள் காத்திருக்கும். நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887 முதல் காத்திருக்கிறது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்கு மூன்றாம் ஆண்டிலும் செல்லலாம்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். மலை மாதேஸ்வரன் மலையில் தீபாவளி, சிவராத்திரி, உகாதி ஆகிய காலங்களில் பெருந்திரள் கூடுகிறது. தமிழ்நாட்டுப் பக்தர்களும் மிகுதியாக வருகின்றனர். இருமொழிப் பேச்சை இயல்பான சூழலில் கேட்க இவற்றினும் சிறந்த வாய்ப்பு அரிது. ஆயின் இவை ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட ஐந்தாறு மாதங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றைத் தவறவிட்டவர் ஓராண்டை இழந்தவராவார்.

இவற்றினும் கடினமானது நம்பிக்கை பெறுதல். வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் இம்மலையோர ஊர்களில் சிறப்பு அதிரடிப் படையினர் மக்களைத் துன்புறுத்தினர் என்னும் முறையீடுகளை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்க 2007இல் பரிந்துரைக்கப்பட்டது. இத்தகைய நிலத்தில் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமாக வந்து பெயரும் ஊரும் கேட்பவரை மக்கள் எங்ஙனம் நோக்குவர்? எவ்வகைப் பதிவுமின்றிப் பலமுறை சென்று வருதல் ஆய்வுப் பணியே. அதற்கெனச் சில மாதங்களை ஒதுக்காத திட்டம் நாணயமற்றது என்றே கூறுவேன்.

அடுத்து எழுத்துப் பெயர்ப்பு. இருமொழி கலந்த ஒரு மணி நேரப் பேச்சை ஒலி வேறுபாடு சிதையாமல் எழுத ஒரு முழு நாள் போதாது. நூறு மணி நேரப் பதிவு எத்தனை மாதங்களைக் கொள்ளும் என மாணவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். பெயர்த்த பகுதிகளை அவ்வப்போது பேசியவரிடமே மீளச் சென்று சரிபார்த்தலும் வேண்டும். இவ்வுழைப்பின் ஊடேதான் இயல்கள் உருப்பெறும்.

விதிகள் இடம் தாரா என்பர் சிலர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்டத்திற்கு மூன்று முதல் ஆறாண்டுகள் வரை அளிக்கின்றன. மறுபதிவால் மேலும் ஈராண்டு பெறலாம். ஆய்வு முன்மொழிவையும், அறிவுரைக் குழுவின் முன் பருவந்தோறும் முன்னேற்ற அறிக்கையையும் அவை கேட்கின்றன. ஐந்து இயல்களை அவை எங்கும் கேட்கவில்லை. அப்பருவ அறிக்கையே பகுப்பைத் திருத்துவதற்குரிய இடம். நாமோ அதனைக் கையொப்பச் சடங்காக்கிவிட்டோம்.

உம்பர்த்தோ ஈக்கோவே பொருளடக்கத்தை முதலில் எழுதச் சொன்னார் என்று எதிர்வாதம் எழலாம். 1977இல் வெளிவந்த அவர்தம் நூல் அவ்வாறு கூறுவது உண்மையே. ஆனால் அவர் அதனைத் தற்காலிகக் கருதுகோளாகவே கொண்டார். ஆய்வு வளர வளர மாற்றி எழுதச் சொன்னார். நம் துறைகளிலோ பகுப்பை மாற்றுவதற்கு விண்ணப்பமும் கட்டணமும் விளக்கக் கடிதமும் வேண்டும் என மாணவர் அஞ்சுகின்றனர். கைலாசபதி பர்மிங்காமில் மேற்கொண்ட ஆய்வு, 1968இல் நூலாக வந்தபோது, சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபினவா என்னும் ஒரு வினாவால் நிலைபெற்றது. அந்நூலின் இயல் எண்ணிக்கையை நினைவில் வைத்திருப்போர் எவர்?

எனவே பதிவுப் படிவத்தில் 'இயல் பகுப்பு' என்னும் பகுதியை நீக்கிவிட்டு, தரவுகள் எங்கு உள்ளன, யாரிடம் உள்ளன, எக்காலத்தில் கிடைக்கும், எவை முதலில் அழியும் என நான்கு வினாக்களைச் சேர்க்குமாறு துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இயல் பகுப்பை இரண்டாம் ஆண்டின் முடிவில் கேட்டால் போதும்.