மெனு யாருக்காக?

ஒரு மென்பொருளில் நாலு மாட்யூல் இருக்கும் வரை மெனு பெரிய பிரச்சினையே இல்லை. மேலே வரிசையாக நாலு பெயர், அவ்வளவுதான். விற்பனை, கொள்முதல், கிடங்கு, கணக்கு, சம்பளம் என்று மாட்யூல்கள் பெருகும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. அப்போது பலரும் செய்வது ஒன்றுதான். கோடிங்கை எப்படிப் பிரித்தார்களோ, அப்படியே மெனுவையும் பிரித்து விடுகிறார்கள். தவறு அங்கேதான்.

ஒரு கிடங்கில் சரக்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டரைப் பார்ப்பது, எண்ணிச் சரிபார்ப்பது, இருப்பில் ஏற்றுவது, பில்லைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்து அங்குள்ள ஊழியருக்கு ஒரே வேலை. மென்பொருளுக்கோ அது மூன்று மாட்யூல்! வெளியே லாரி நிற்க, உள்ளே அவர் மூன்று மெனுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். கடைசியில் அவருக்குக் கிடைக்கும் பெயர்: "கம்ப்யூட்டர் வராது".

டிரெயினிங் கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். எஸ்.ஏ.பி. மென்பொருளில் விற்பனை ஆர்டர் போட விஏ01, கொள்முதல் ஆர்டர் போட எம்இ21என் என்று குறியீடுகள் உண்டு. பழகியவர்கள் மெனுவைத் திறக்காமல் நேராகக் குறியீட்டைத் தட்டி விடுவார்கள். வேகமான வழிதான். ஆனால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு? அவருக்கு மெனுதானே வழிகாட்டி!

மெனுவைச் சுருக்கினால் போதும் என்பது இன்னொரு கட்சி. மைக்ரோசாஃப்ட் அதையும் செய்து பார்த்தது. ஆபீஸ் 2000-ல், அதிகம் பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்துக்கொள்ளும். பட்டியல் குட்டையானது உண்மை. ஆனால் நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று ஐந்தாவதாக இருந்தால் கை எப்படிப் பழகும்? பிறகு 2007-ல் ரிப்பன் வந்தது. கடிதங்கள் அனுப்ப ஒரு டேப், திருத்திப் பார்க்க ஒரு டேப் என்று வேலைவாரியாகக் கட்டளைகள் பிரிந்தன. ஆரம்பத்தில் திட்டியவர்கள் ஏராளம். ஆனாலும் அது நிலைத்துவிட்டது.

தேடல் பெட்டி வைத்தால் மெனுவே வேண்டாமே என்று கேட்கலாம். 2020-ல் வந்த டேலி பிரைமில் ஆல்ட்+ஜி அழுத்தினால் வேண்டிய இடத்தைத் தேடிப் போகலாம். நல்ல வசதி. ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்து, 'மெனுவில் ஏழுக்கு மேல் கூடாது' என்ற பிரபலமான விதி. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய கட்டுரை. அவர் பேசியது மனதில் ஒரே நேரத்தில் எவ்வளவு வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பற்றி. மெனுவோ கண்ணெதிரே இருக்கிறது, மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஏழுக்காகப் பயந்து ஐந்து அடுக்கு ஆழத்தில் ஒளித்து வைப்பதைவிட, நன்றாகப் பிரித்த பன்னிரண்டு வரிகள் மேல்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? வேலைகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, பயன்படுத்தப் போகிறவர்களிடமே கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். செலவு ஒரு மதியவேளை. கோடிங் உள்ளே எப்படி வேண்டுமானாலும் பிரிந்திருக்கட்டும். வெளியே தெரியும் மெனுவில் 'சரக்கு வந்தது' என்று ஒரே வரி இருந்தால், அந்த ஊழியர் லாரியைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார். கெட்ட பெயரும் மிஞ்சாது.