வாழைப்பழ ஜாம்: எலுமிச்சையைக் குறைத்தால் ஆபத்து!

“எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பத்து பூவன் வாழை நிற்கின்றன. ஒரு தார் வெட்டினால் நான்கைந்து நாளில் எல்லாச் சீப்பும் பழுத்துவிடுகிறது. வீட்டில் சாப்பிட்டு, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தது போக மீதி மாட்டுக்குத்தான் போகிறது. ஜாம் செய்து புட்டியில் வைத்தேன். மூன்றாவது வாரம் மேலே பூஞ்சணம் வந்துவிட்டது. கெடாமல் செய்வது எப்படி? மகளிர் குழு மூலமாக விற்க முடியுமா?”

- வாசகி, மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

வாழைப்பழ ஜாம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தான். சர்க்கரை போதவில்லை, புளிப்பு போதவில்லை, புட்டி சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. மற்றப் பழங்களில் இரண்டாவது காரணம் அவ்வளவாக வராது. வாழையில் அதுதான் முக்கியம். அதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால், மற்றது கை பழக்கம்தான்.

உப்பளத்தில் தெரிந்த சூத்திரம்

மரக்காணம் பகுதியில் இருப்பவர்களுக்கு ஜாம் கெடாமல் இருக்கும் விதத்தை விளக்குவது சுலபம். உப்புப் போட்ட கருவாடு ஏன் கெடுவதில்லை? மீனில் உள்ள ஈரத்தை உப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரம் கிடைக்காததால் பாக்டீரியாவும் பூஞ்சணமும் வளர முடிவதில்லை. ஜாமில் அதே வேலையைச் சர்க்கரை செய்கிறது.

உப்பளத்தில் கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி போமேயில் உள்ளே வருகிறது. வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தாண்டும்போதுதான் உப்பு விளைகிறது. அதற்கு முன்னால் அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது. ஜாமுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. அதற்குப் பெயர் பிரிக்ஸ். நூறு கிராம் ஜாமில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலான பொருட்கள் 65 கிராமுக்குக் குறையக் கூடாது. 68 வரை கொண்டுபோவது நல்லது. 55-லோ 60-லோ அடுப்பிலிருந்து இறக்கிவிட்டால் பார்க்க ஜாம் போலத்தான் இருக்கும். ஆனால், சில வாரங்களில் பூஞ்சணம் வந்துவிடும்.

வாழைக்கு உள்ள குறை

அன்னாசி, தக்காளி, திராட்சை போன்றவற்றில் இயற்கையாகவே புளிப்பு இருக்கிறது. நன்கு பழுத்த வாழையில் புளிப்பு மிகக் குறைவு. அதன் கார அமில நிலை (பி.ஹெச்) 4.5-லிருந்து 5.2 வரை இருக்கும். இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். புட்டியில் அடைக்கும் உணவுக்கு 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேலே இருந்தால், காற்றுப் புகாத புட்டிக்குள்ளும் வளரக்கூடிய ‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற பாக்டீரியாவுக்கு வழி திறந்துவிடும். அது உண்டாக்கும் நஞ்சு உயிருக்கே ஆபத்தானது. நாக்கில் வைத்துப் பார்த்தோ, முகர்ந்து பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முழு அளவு சர்க்கரை சேர்த்த ஜாமில் இந்த பாக்டீரியா வளராது. ஆனால், ‘இனிப்பு அதிகம்’ என்று சர்க்கரையைக் குறைத்து, ‘புளிக்கிறது’ என்று எலுமிச்சையையும் விட்டுவிட்டு, இறுக்கமாக மூடி மாதக்கணக்கில் வைப்பதுதான் ஆபத்து. எனவே, எலுமிச்சைச் சாற்றை ருசிக்காகச் சேர்ப்பதாக நினைக்கக் கூடாது. அது காவலுக்கு. ஜாம் கட்டியாக உறைவதற்கும் அந்தப் புளிப்பு வேண்டும். பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள், சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தால்தான் உறையும்.

‘பழனி பஞ்சாமிர்தத்தில் எலுமிச்சை இல்லையே?’ என்று கேட்கலாம். 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பஞ்சாமிர்தம், விருப்பாச்சி வாழைப்பழத்துடன் நாட்டுச் சர்க்கரை, தேன், பசு நெய், ஏலக்காய் முதலியவை சேர்த்துச் செய்யப்படுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. இனிப்பின் செறிவுதான் அதைக் காக்கிறது. நாம் செய்யும் ஜாமில் பழம்தான் அதிகம். வேக வைக்கத் தண்ணீரும் ஊற்றுகிறோம். அதனால் பஞ்சாமிர்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

எந்தப் பழம் ஏற்றது?

பூவன் நல்ல தேர்வு. லேசான புளிப்பு அதற்கே உண்டு. கற்பூரவள்ளியிலும் ரஸ்தாளியிலும் ஜாம் வரும். கற்பூரவள்ளி ஓரளவு உப்புத்தன்மையையும் வறட்சியையும் தாங்கும் ரகம் என்பதால் கடலோரக் கிராமங்களில் புதிதாகக் கன்று வைப்பவர்கள் அதையும் யோசிக்கலாம்.

தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த பழம் ஜாமுக்கு ஏற்றது. முழுவதும் கறுத்து, சாராய வாடை அடிக்கும் பழம் வேண்டாம். அதில் நொதிப்பு தொடங்கியிருக்கும், பெக்டினும் குறைந்திருக்கும். நான்கு பங்கில் மூன்று பங்கு நன்கு பழுத்ததும், ஒரு பங்கு இப்போதுதான் மஞ்சள் ஏறியதுமாக எடுத்தால் ஜாம் நன்றாக உறையும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால், அரைப்பழமான இரண்டு கொய்யாவை நறுக்கி, அரை டம்ளர் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டிய சாற்றைச் சேர்க்கலாம். கொய்யாவில் பெக்டின் அதிகம்.

புயல் காலத்துக்கு ஒரு குறிப்பு. 2020 நவம்பர் 25-ம் தேதி இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் அருகேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இதே கரையோரம் வந்தது. இப்படிச் சாய்ந்த மரத்துத் தாரில், காய் திரண்டு விளிம்பு மழுங்கியிருந்தால் வைக்கோல் மூட்டம் போட்டுப் பழுக்க வைத்து ஜாமுக்குப் பயன்படுத்தலாம். விளையாத பிஞ்சுக்காய் பழுத்தாலும் ருசி வராது. அதைக் கறிக்கோ, வற்றலுக்கோ வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்துக்குக்கூட கார்பைடு கல் வைக்கக் கூடாது. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

தேவையானவை

தோல் உரித்த பழம் - 1 கிலோ (தோலோடு ஏறக்குறைய ஒன்றரை கிலோ)
சர்க்கரை - 750 கிராம்
எலுமிச்சைச் சாறு - 100 மில்லி (ஐந்தாறு பழங்கள்) அல்லது எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட் - 6 கிராம்
குடிநீர் - 250 மில்லி
ஏலக்காய் அல்லது கிராம்பு - விருப்பப்பட்டால் சிறிதளவு

கடலோரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் நீர் உவர்ப்பாக இருக்கும். அந்த நீரில் ஜாம் செய்தால் ருசி கெடும். குடிநீரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

செய்முறை

பழம் நறுக்குவதற்கு முன்பே புட்டிகளைத் தயார் செய்துவிட வேண்டும். கண்ணாடிப் புட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் நீரில் மூழ்கும்படி 10 நிமிடம் வைத்து எடுத்து, கவிழ்த்து ஈரம் போக உலர்த்தவும். மூடியையும் வெந்நீரில் போட்டு எடுக்கவும். உப்புக் காற்றில் இரும்பு மூடி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த மூடி, உள் ரப்பர் கழன்ற மூடி இரண்டுமே ஆகாது.

பழத்தைத் தோல் உரித்ததும் எலுமிச்சைச் சாற்றில் பாதியைச் சேர்த்து மசிக்கவும். தாமதித்தால் பழம் கறுத்துவிடும். அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் சேர்த்து, மிதமான தீயில் 10 நிமிடம் வேகவிடவும். புளிப்பு சேர்வதால் அலுமினியம், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். வெந்ததும் ஒரு முறை மசித்து, சர்க்கரையைக் கொட்டிக் கரையும்வரை கிளறவும். பிறகு தீயைக் கொஞ்சம் கூட்டிக் கைவிடாமல் கிளற வேண்டும். வாழைக்கூழ் கெட்டியாகும்போது குமிழி வெடித்துத் தெறிக்கும். பட்டால் தோல் வெந்துவிடும். ஆழமான பாத்திரம், நீளக் கைப்பிடிக் கரண்டி அவசியம். குழந்தைகளை அடுப்புப் பக்கம் விடக் கூடாது.

கூழ் திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகத் தொடங்கும்போது மீதிச் சாற்றை ஊற்றி இன்னும் சில நிமிடம் கிளறவும்.

பதம் பார்க்கும் முறை

சமையல் வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கலாம். இந்தக் கணக்கு கடல் மட்டத்தில் உள்ள ஊர்களுக்கு. கொடைக்கானல் போன்ற மலை ஊரில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும் என்பதால் அங்கு இந்த எண்ணும் குறையும்.

வெப்பமானி இல்லையென்றால் எடை போட்டுப் பார்ப்பது நம்பகமான வழி. வெறும் பாத்திரத்தையும் கரண்டியையும் முன்பே எடை போட்டுக் குறித்துக்கொள்ளவும். மேலே சொன்ன அளவில், ஜாம் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் எடைக்கு வற்றியிருந்தால் தேவையான பதம் வந்துவிட்டது.

பழைய முறையும் உண்டு. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவைத்துச் சாய்த்தால் ஓடக் கூடாது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல், தகடுபோல் சேர்ந்து விழ வேண்டும். குழுவாகச் செய்து விற்பவர்கள் ‘ரிஃப்ராக்டோமீட்டர்’ என்ற கைக்கருவியை வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு சொட்டு ஜாமில் பிரிக்ஸ் அளவைக் காட்டிவிடும்.

ஜாம் சூடாக இருக்கும்போதே புட்டியில் ஊற்ற வேண்டும். மேலே கால் அங்குலம் மட்டும் இடம் விட்டு, வாயைச் சுத்தமான துணியால் துடைத்து மூடவும். அடியில் துணி விரித்த பாத்திரத்தில் புட்டிகளை வைத்து, மூழ்கும்வரை வெந்நீர் ஊற்றி, மேலும் 10 நிமிடம் கொதிக்கவிடவும். சூடான புட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். எடுத்துத் துணியின் மேல் வைத்து, தானாக ஆறவிடவும்.

வெளிச்சம் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஆறு மாதம் தாராளமாக இருக்கும். திறந்த பிறகு கவனம் தேவை. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஜாமில் உள்ள சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்து, மேல்பகுதி நீர்த்துவிடும். பூஞ்சணம் முதலில் அங்கேதான் பிடிக்கும். அதனால் 200 கிராம் புட்டிகளே இங்கு ஏற்றவை. உலர்ந்த கரண்டிதான் போட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், திறந்த புட்டியை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

பூஞ்சணம் வந்தால் மேலே உள்ளதை வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாது. அதன் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். குமிழி வந்தாலும், மூடி உப்பினாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மாட்டுக்கும் வைக்க வேண்டாம்.

வெல்லம், கருப்பட்டி சேர்க்கலாமா?

மரக்காணம் பக்கம் பனைமரங்கள் உண்டு. கருப்பட்டி ஜாம் செய்யும் ஆசை வருவது இயல்பு. ருசியாகவும் இருக்கும். ஆனால், வெல்லமும் கருப்பட்டியும் முழுச் சர்க்கரை அல்ல. அவற்றில் ஈரமும் இருக்கும். காய்ச்சும்போது சேர்க்கும் சுண்ணாம்பு புளிப்பையும் கொஞ்சம் முறிக்கும். எனவே முழுவதும் கருப்பட்டியில் செய்வதை மாதக்கணக்கில் வைக்காமல், கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும். சர்க்கரையைக் குறைத்துச் செய்வதற்கும் இதே விதிதான். சர்க்கரை நோயாளிகளுக்கு, வெல்லம் போட்டதாக இருந்தாலும் ஜாம் ஏற்றதல்ல.

விற்பதற்கு என்ன வேண்டும்?

வீட்டில் செய்து விற்பதானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கான அடிப்படைப் பதிவு போதும். இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ‘ஜாம்’ என்ற பெயரில் விற்க, கரையும் திடப்பொருள் 65 சதவிகிதத்துக்கும், பழம் 45 சதவிகிதத்துக்கும் குறையக் கூடாது என்பது விதி. மேலே சொன்ன அளவில் செய்தால் இரண்டுமே நிறைவேறும். லேபிளில் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண், விலை, முகவரி, பதிவு எண், சைவ உணவுக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்க வேண்டும். செயற்கை நிறம் வேண்டாம். வாழை ஜாமின் இயல்பான நிறமே பழுப்புதான்.

ஒரு கிலோ கூழுக்கு 200 கிராம் புட்டிகள் ஏழு நிரம்பும். பழம், சர்க்கரை, எலுமிச்சை, எரிவாயு, புட்டி, லேபிள், ஒரு நாள் கூலி எல்லாவற்றையும் கூட்டி ஏழால் வகுத்துப் பார்க்க வேண்டும். பல குழுக்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்துவிட்டுப் பிறகு சிரமப்படுகின்றன. புட்டியின் விலைதான் பழத்தின் விலையைவிடப் பெரிய செலவாக இருக்கும் என்பதால், மொத்தமாக வாங்குவது லாபம். வடகிழக்குப் பருவமழையில் உப்பள வேலை நிற்கும் மாதங்களில் இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்கள், முன்கூட்டியே பதிவையும் புட்டியையும் தயார் செய்துகொள்வது நல்லது.

பயிற்சிக்கு, திருச்சியில் 1993 முதல் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவு பதப்படுத்தும் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பக்கத்திலேயே திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், இயந்திரங்களுக்கு 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளவும்.

முதல் முறை ஒரே ஒரு கிலோ கூழில் செய்து பார்க்கவும். அதில் இரண்டு புட்டிகளைத் தேதி எழுதி, திறக்காமல் மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விற்பனையில் இறங்குவதே பாதுகாப்பானது.