பஸ்கியின் காலப்பிரமாணம்

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், கந்தர்வக்கோட்டையில் ஒரு நாள் விடியற்காலையில் இறங்கினோம். ஊர்ப் பொட்டலில் இரண்டு வாலிபர்கள் பஸ்கி போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ் தேர்வுக்குத் தேகத்தைத் தயார் செய்கிறார்களாம். ஒருவர் மளமளவென்று நாற்பது போட்டு நிமிர்ந்தார். மற்றவர் மெல்ல இறங்கி மெல்ல எழுந்து, பன்னிரண்டுக்குள் தொடை நடுங்க உட்கார்ந்துவிட்டார். "ஐயா, நாற்பது பெரிதா, பன்னிரண்டு பெரிதா?" என்று வழக்கு நம்மிடம் வந்தது.

நேயர்களே, சங்கீதத்தைப்போலவே தேகப்பயிற்சியிலும் விளம்ப காலம், துரித காலம் என்று உண்டு. தொடையின் முன்புறத்து நான்கு தசைகள் ஒன்றுகூடி முழங்காலை நீட்டுகின்றன. அவற்றின் இழைகள் யாவும் ஒரே சமயத்தில் வேலைக்கு வருவதில்லை. நரம்பு முதலில் சிறிய இழைகளை அழைக்கிறது. பாரம் மிகுந்தாலும், வேகம் மிகுந்தாலும், முன்னே உழைத்தவை களைத்தாலும் பெரியவற்றை எழுப்புகிறது. ஆகவே விசையுடன் எழுந்தால் தசையில் மின் அலை உயர்ந்து எழும். மெல்ல எழுந்தால் அலை தாழ்ந்திருக்கும், ஆனால் நெடுநேரம் நீடிக்கும். படாரென்று விழுந்து எழுகிறவருக்கோ அடியில் தசைநார் ரப்பரைப்போல் துள்ளி உதவுகிறது. அவ்வளவு உழைப்பு தசைக்கு மிச்சம்! நாற்பதின் ரகசியத்தில் ஒரு பங்கு இதுவே.

கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் 2012-இல் எட்டு வாலிபர்களைச் சோதித்தார்கள். இலேசான பாரத்தை ஒரு காலால் ஆறு விநாடியில் உயர்த்தி, ஆறு விநாடியில் தாழ்த்தி, இயலாமற்போகும்வரை செய்யச் சொன்னார்கள். மறு காலால் அதே எண்ணிக்கையை ஒவ்வொரு விநாடியில் செய்யச் சொன்னார்கள். மெல்ல உழைத்த தொடையிலேயே புதிய புரதம் அதிகம் உண்டாயிற்று. விளம்பமே வென்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விரைந்த கால் களைக்குமுன்பே நிறுத்தப்பட்டது அல்லவா? பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2015-ஆம் வருஷத்து ஆய்வில், களைக்கும்வரை செய்தால், ஒரு முறைக்கு அரை விநாடியானாலும் எட்டு விநாடியானாலும் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றே என்று கண்டார்கள்.

வளர்ச்சி வேறு, விசை வேறு. புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்மணி அனுராதா பவுன்ராஜ் 2019-இல் ஸமோவாவில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் 87 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். தரையிலுள்ள பாரத்தை ஒரே வீச்சில் தலைக்குமேல் கொண்டுபோகும் அந்த வித்தையை ஆமை நடையில் செய்ய இயலுமா? போலீஸ் தேர்வின் ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் அதே விசைதான் வேண்டும்.

ஆகவே நாம் சொன்ன தீர்ப்பு: "தம்பிகளே, இறங்குகையில் விளம்பம், எழுகையில் துரிதம். எண்ணிக்கையை விட்டுத் தொடையின் களைப்பைக் கணக்கெடுங்கள்."

இது வாலிபர்களுக்கு மட்டும் உரியதன்று. பாயிலிருந்து எழச் சுவரைத் தேடும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! இரும்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு நாற்காலியில் மெல்ல அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து பழகினால், அதுவே அவர்களுக்குப் பஸ்கி. முழங்கால் நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கட்டும். பிறர் கையை எதிர்பாராமல் எழுந்து நிற்பதும் ஒரு சுதந்திரந்தானே!