கொலைப்பட கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க!

"ஏலே, போயும் போயும் கொலைப்படத்தையா சேத்து வைக்க?"

சிகப்பு ரோஜாக்கள், மூடுபனி, நூறாவது நாள் என்று பழைய கேசட்டும் விசிடியுமாக அடுக்கி வைக்கிற எந்தப் பையனும் குமரி மாவட்டத்து வீட்டில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பது அம்மாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணாச்சியாக இருக்கலாம். எம்ஜிஆர் படம் சேர்த்தால் ரசிகன். சிவாஜி படம் சேர்த்தால் நல்ல ரசனை. கத்தியோடு ஒருத்தன் துரத்துகிற படத்தைச் சேர்த்தால் மட்டும் "பையனுக்கு என்னமோ ஆயிட்டு"!

ஒன்றும் ஆகவில்லை. அவன் செய்வது உருப்படியான வேலை. யாரும் மதிக்காத படம்தான் முதலில் காணாமல் போகும். அப்படிப் போனால் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரிந்த மாதிரி வேறு ஊருக்குத் தெரியாது. அந்தக் கதை கடைசியில்.

முதலில் அமெரிக்காக்காரன் எப்படிச் சேர்க்கிறான் என்று பாருங்கள். 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' என்று ஒரு வரிசை. 1980-ல் தொடங்கி 2009 வரை 12 படங்கள். ஹாக்கி முகமூடி ஜேசனைத் தெரியாதவர்கள் குறைவு. (அந்த முகமூடி மூன்றாவது படத்தில், 1982-ல்தான் வருகிறது. முதல் படத்தில் கொலை செய்வது ஜேசனே இல்லை!) விமர்சகர்கள் கழுவி ஊற்றிய படங்கள். முதல் எட்டு படம் பாராமவுண்ட் கம்பெனியுடையது. அப்புறம் வந்தவை நியூ லைன் கைக்குப் போயின. அதனால் 12 படமும் ஒரே பெட்டியில் வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-ல் ஸ்க்ரீம் ஃபேக்டரி 16 டிஸ்க்கோடு இன்னும் பெரிய பெட்டியாகப் போட்டது.

அதில் ஒரு சங்கதி. 1988-ல் வந்த ஏழாவது படத்தில் தணிக்கைக்காக நிறைய வெட்டினார்கள். வெட்டியது வெட்டியதுதான். பிற்பாடு தேடியபோது மங்கலான வீடியோ பிரதியில் இருந்துதான் அந்தக் காட்சிகள் கிடைத்தன. அதைத்தான் டிவிடியில் 'கூடுதல் காட்சிகள்' என்று சேர்த்தார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் கம்பெனி நல்ல பிலிமைக் கைவிட்டுவிட்டது, ஒரு சாதா வீடியோ டேப் காப்பாற்றியது!

தமிழுக்கு வருவோம். ஒரே கொலைகாரன் படம் படமாகத் திரும்பி வருகிற வரிசை தமிழில் இல்லை. அதனால் சேர்க்கிறவன்தான் வரிசையை உண்டாக்க வேண்டும். 1978 சிகப்பு ரோஜாக்கள். கிராமத்துக்கு வெளியே பாரதிராஜாவுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று சொன்னவர்கள் வாயை அடைத்த படம். 1980-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து 'ரெட் ரோஸ்' என்று இந்தியிலும் அவரே எடுத்தார். அதே 1980-ல் பாலுமகேந்திராவின் மூடுபனி. பிரதாப் போத்தன், ஷோபா. இளையராஜாவுக்கு 100-வது படம். 1984-ல் மணிவண்ணனின் நூறாவது நாள். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் வந்து நின்றதை அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே வருடம் 24 மணி நேரம். 1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கொண்டுவந்த ஊமை விழிகள்.

இந்த ஐந்தையும் வருட வரிசையில் ஓட்டிப் பார்த்தால், தமிழ் சினிமா பயமுறுத்தக் கற்றுக்கொண்ட கதை தெரியும். மூடுபனியில் ஹிட்ச்காக்கின் சைக்கோ (1960) எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தெரியும். நூறாவது நாள் கதையின் மூலம் 1977-ல் லூச்சியோ ஃபுல்ச்சி எடுத்த இத்தாலியப் படம் என்பதும், அதே கதை 1991-ல் மாதுரி தீட்சித்தின் '100 டேஸ்' ஆக இந்திக்குப் போனதும் புரியும். தனித்தனியாகப் பார்த்தால் இது பிடிபடாது. சேர்த்து வைத்தால்தான் பிடிபடும்.

சரி, இந்தப் படங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தன? எண்பதுகளில் டெக். டிவியும் டெக்கும் நாலு கேசட்டும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை அது. மற்ற ஊரில் வாடகைக்கு எடுத்தார்கள் என்றால், குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் டெக் சொந்தமாகவே இருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் லீவுக்கு வரும்போது கொண்டு வந்தது. பிறகு விசிடி. ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் அடங்கும். ஆகவே ஒரு படத்துக்கு இரண்டு தட்டு, சில சமயம் மூன்று. கொலைகாரன் யார் என்று தெரியப் போகிற நேரத்தில் எழுந்து போய்த் தட்டு மாற்ற வேண்டும் :)

2007-ல் மோசர் பேயர் வந்து விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று போட்டது. கல்லூரி மாணவன் பஸ் காசை மிச்சம் பிடித்து ஒரிஜினல் வாங்கக்கூடிய விலை. ஆனால் அந்தக் காலம் நீடிக்கவில்லை. கம்பெனி நொடித்து 2018-ல் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்க உத்தரவாகிவிட்டது. கேசட் டெக் செய்த கடைசி ஜப்பான் கம்பெனி ஃபுனாய் 2016-லேயே நிறுத்திவிட்டது. ஆக, இன்றைக்கு அலமாரியில் இருப்பதுதான் இருப்பு. வீடு வெள்ளையடிக்கும்போதும் இடித்துக் கட்டும்போதும் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

"அதான் எல்லாம் நெட்ல இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, இன்றைக்கு. ஒப்பந்தம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். இருப்பதிலும் பாட்டு வெட்டியது, ஓரத்தில் லோகோ ஒட்டியது, ரத்தத்தை மங்கலாக்கியது என்று பல. எது முழுப்படம் என்று ஒப்பிட ஒரு பழைய பிரதி வேண்டாமா? சட்டப்படி ஒரு படத்துக்குக் காப்புரிமை 60 வருடம். சிகப்பு ரோஜாக்கள் பொதுச் சொத்தாவது 2039-ல்தான். அதுவரை நல்ல பிரதி ஒன்று எங்காவது இருக்க வேண்டுமே, அதுதான் கவலை.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. பெண்களைக் கொல்லுகிற படத்தை எதற்குப் பாதுகாக்க வேண்டும்? நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. இந்தப் படங்களில் பெரும்பாலும் சாவது பெண். அதிலும் 'ஒழுக்கம் கெட்டவள்' என்று படமே முத்திரை குத்திய பெண். அதைப் பார்த்துக் கைதட்டிய காலம் ஒன்று இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் அருங்காட்சியகத்தில் குற்றவாளியை அடைத்துத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டு இருக்கிறது. அதை வைத்திருப்பது தண்டனையைப் பாராட்டவா? இப்படியும் நடந்தது என்று காட்டத்தான். படமும் அப்படித்தான். அழித்துவிட்டால் "அப்படியெல்லாம் யாரும் எடுக்கவில்லை" என்று சொல்வது சுலபம்.

மூன்றாவது, திருட்டு விசிடி. 2004-ல் தமிழ்நாட்டில் வீடியோ திருட்டையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். நகல் போட்டு விற்பதற்கும் சேர்த்து வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரிஜினல் கிடைக்கிறவரை ஒரிஜினல்தான் வாங்க வேண்டும். அதில் சமாதானம் கிடையாது.

இப்போது அந்தக் கதை. மலையாளத்தின் முதல் படம் விகதகுமாரன். 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள். எடுத்தவர் ஜே.சி. டேனியல். சொத்தை விற்று எடுத்தார். கதாநாயகியாக நடித்த ரோஸி தலித் பெண் என்பதற்காகக் கல்லெறி நடந்தது. நொடித்துப் போன டேனியல் 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். இன்று கேரள அரசின் உயர்ந்த சினிமா விருது அவர் பெயரில் இருக்கிறது. படம் இல்லை! சிறு பையனாக இருந்த அவர் மகன் விளையாட்டாகப் பிலிமைக் கொளுத்திவிட்டதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பொசுங்க எவ்வளவு நேரம் வேண்டும்? ரோஸி நடித்த ஒரே படத்தை இனி யாரும் பார்க்க முடியாது.

அவருடைய உறவினர், நாகர்கோவில் சுந்தர்ராஜ், 1933-ல் மார்த்தாண்ட வர்மா எடுத்தார். நாவலின் காப்புரிமை வழக்கில் படம் முடங்கியது. சுருள்கள் திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் வருடக்கணக்கில் கிடந்தன. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கியது. தென்னிந்திய ஊமைப்படங்களில் இன்று ஏறக்குறைய முழுசாகக் கிடைப்பது அது ஒன்றுதான். சிறந்த படம் என்பதால் பிழைக்கவில்லை. ஒரு மூலையில் யாரும் தூக்கிப் போடாமல் கிடந்ததால் பிழைத்தது.

ஆகவே நண்பர்களே, வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால் ஒருமுறை பாருங்கள். குமரிக்கு வருடத்தில் இரண்டு மழை. ஈரம் பட்டால் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த இடத்தில், படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சை பிடித்ததை டெக்கில் போட்டு ஓட்டாதீர்கள், டெக்கும் கெடும். உங்களுக்கு வேண்டாம் என்றால் இரும்புக் கடைக்குக் கொடுக்கும் முன், 'என்னமோ ஆயிட்டு' என்று ஊர் சொல்லும் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பி.கு: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அலமாரியைப் பூட்டி வைக்கவும். படம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்பதற்காக மட்டுமல்ல. டேனியல் வீட்டுக் கதை ஞாபகம் இருக்கட்டும்!