ரவை விழுந்த போட்டோ

ஆபீஸில் யாருக்காவது டிரான்ஸ்ஃபர் என்றாலோ, கல்யாணம் நிச்சயமானாலோ மொட்டை மாடி ஓட்டலில் ட்ரீட். மேஜைக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தி. என்ன சாப்பிட்டோம் என்பதே பில் வந்த பிறகுதான் தெரியும். அந்த இருட்டில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நின்று, சப்ளையர் கையில் போனைத் திணித்து, ஒரு க்ரூப் போட்டோ. மறுநாள் பெரிசு பண்ணிப் பார்த்தால் எல்லார் முகத்திலும் யாரோ ரவை தூவின மாதிரி புள்ளி. கறுப்புச் சட்டையில் சிவப்பும் பச்சையுமாய்த் திட்டுத் திட்டு.

"முப்பதாயிரம் ரூபா போன் சார், என்னமா ஏமாத்தறான் பாருங்க!"

போன்காரன் பாவம், அவனை விடுங்கள். இதற்குப் பெயர் நாய்ஸ். சத்தமே போடாத இரைச்சல். காரணம், வெளிச்சம் குழாய்த் தண்ணீர் மாதிரி சீராகக் கொட்டுவதில்லை. மழைத்துளி போல, போட்டான் போட்டானாக வந்து விழுகிறது. தூறல் போடும்போது வாசலில் நாலு டம்ளர் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏழு சொட்டு, அடுத்ததில் பன்னிரண்டு. அடைமழை என்றால் நாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. (பி.காம். படித்தவன் கணக்கு சொல்லாமல் விடமாட்டான்.) ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 போட்டான் விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. வெறும் 100 விழுந்தால் வர்க்கமூலம் 10. பத்து சதவீதம்! அதுதான் ரவை.

ஃபுல் ஃப்ரேம் காமிராவின் சென்ஸார் 36க்கு 24 மில்லிமீட்டர். பெரும்பாலான போன்களில் இருப்பது சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். சின்ன டம்ளர், கொஞ்சம் தண்ணீர். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் வெளிச்சம் கூடாது. கல்யாண வீட்டு மைக் செட்டில் வால்யூமைத் திருகுவது போல்தான்; பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து ஏறும்.

இதற்கு வந்த உருப்படியான வைத்தியம் நைட் மோட். 2018-ல் கூகிள் பிக்ஸலில் வந்தது, 2019-ல் ஐபோன் 11-ல். ஒரே படத்தை நம்பாமல் பல படங்களைச் சடசடவென்று எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சராசரி பார்க்கிறது. 16 படம் சேர்ந்தால் ரவை நாலில் ஒரு பங்காகிவிடும். ஆனால் யாரும் ஆடக்கூடாது. குழந்தைகள், குடித்தவர்கள் இருந்தால் சிரமம்.

எடுத்து முடித்த படத்தை என்ன செய்வது? இங்கேதான் ஆபத்து.

வங்கியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், கார்த்திகை அன்று கிராமத்து வீட்டுத் திண்ணையில் அப்பா அகல் ஏற்றுவதைப் போனில் எடுத்திருந்தான். கரண்ட் வேறு இல்லை. எதற்கோ சிரிக்கிறார். அடுத்த பங்குனியில் அவர் காலமாகிவிட்டார். மற்ற போட்டோக்களில் எல்லாம் சாட்சிக் கூண்டில் நிற்கிற முகம். சிரிப்பது இது ஒன்றுதான். பெரிசாகப் பிரேம் போடலாம் என்று ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தான்.

"புள்ளியெல்லாம் ஏ.ஐ. எடுத்துடும் சார். அஞ்சு நிமிஷம்."

எடுத்துவிட்டது. கூடவே நெற்றிச் சுருக்கம், மூன்று நாள் நரைத் தாடி, கன்னத்து அம்மைத் தழும்பு எல்லாவற்றையும். 12க்கு 18 சைஸில் மெழுகுப் பொம்மை ஒன்று அகல் ஏற்றியது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"நல்லாத்தான் இருக்கு. யாருடா இது?"

சாஃப்ட்வேருக்கு நரைத் தாடியும் புள்ளிதான், நாய்ஸும் புள்ளிதான். சந்தேகம் வந்தால் இரண்டையும் மழித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஸ்டூடியோவுக்குப் போயிருந்தது வாட்ஸப்பில் சுருங்கிய பிரதி. (டாக்குமெண்ட்டாக அனுப்பியிருந்தால் அப்படியே போயிருக்கும்.) அவன் போனில் இருந்த ஒரிஜினலை எடுத்து, லைட்ரூம் மொபைலில் டீடெய்ல் பகுதிக்குப் போனோம். நாய்ஸுக்கு அங்கே இரண்டு கோடு உண்டு. கலர் நாய்ஸ் கோட்டைத் தைரியமாக இழுத்தோம். சிவப்பு பச்சைத் திட்டுக்கள் மறைந்தன, முகத்துக்குச் சேதமில்லை. இன்னொரு கோட்டை இழுக்கும்போது மட்டும் படத்தை நன்றாகப் பெரிசாக்கி, கண்ணைத் தாடி மேலேயே வைத்துக்கொண்டோம். மயிர்க்கால் கரைய ஆரம்பித்ததும் இரண்டடி பின்வாங்கி நிறுத்தினோம். 20-ஐத் தாண்டவில்லை.

பின்னால் இருந்த சுவரை வெளிச்சமாக்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். நிழலைத் தூக்கினால் அதற்குள் பதுங்கியிருக்கிற ரவை மொத்தமும் எழுந்து உட்காரும். பி.சி.ஸ்ரீராம் 1987-ல் 'நாயகன்' படத்தில் இருட்டை இருட்டாகவே விட்டார். யாராவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்களா? ஷார்ப்பனிங், ஸ்னாப்ஸீடில் 'ஸ்ட்ரக்சர்' பக்கமும் போகவில்லை. அவை ஒவ்வொரு ரவைக்கும் கூர் தீட்டிவிடும். கடைசியில் கறுப்பு வெள்ளையாக்கினோம். மிச்சமிருந்த புள்ளிகள் பழைய பிலிம் மாதிரி ஆகிவிட்டன. பிரிண்ட் 6க்கு 8 போதும். படம் சின்னதானால் புள்ளியும் சின்னது.

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"அன்னிக்குக் காலையிலகூட ஷேவ் பண்ணிக்குங்கன்னு சொன்னேன். கேட்டாத்தானே!"

அடுத்த ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: எல்லாரையும் அடக்குகிறேன் என்று 0.5-க்குப் போகாதீர்கள். அந்த லென்ஸுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இன்னும் சின்ன சென்ஸார். இரண்டடி பின்னால் போய் 1-லேயே எடுங்கள். விரலால் இழுத்து ஜூம் பண்ணினால் படத்தோடு ரவையும் பெருக்கும். தூணில் சாய்ந்து எடுத்தால் கை ஆடாது. முக்கியமாக, வெளிச்சம் தேடுங்கள். இன்னொருவர் போன் டார்ச்சை நேரே முகத்தில் அடித்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். வெள்ளைச் சுவரிலோ, வெள்ளைச் சட்டை மேலோ அடித்தால் அது திரும்பி வந்து மெத்தென்று விழும். முழு வெள்ளை வேட்டி சட்டையில் யாராவது உட்கார்ந்திருந்தால் இன்னும் விசேஷம். கட்சிக்காரராக இருந்தால் மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளவும்.