பிரான்சைக் கைவிட்டவர்கள் யார்? காத்து நின்றவர்கள் யார்?

2024 பிப்ரவரி 21 அன்று, வோல்டேரும் ரூசோவும் விக்டர் ஹ்யூகோவும் துயிலும் பாரிஸ் பாந்தியோன் நினைவாலயத்திற்குள் மிஸாக் மனூஷியானின் உடல் எச்சங்கள் கொண்டுசெல்லப்பட்டன. துணைவியார் மெலினேயும் உடன் வைக்கப்பட்டார். சரியாக 80 ஆண்டுகளுக்கு முன்பு அதே நாளில்தான், பாரிசை அடுத்த மோன்-வலேரியன் கோட்டையில் மனூஷியானை நாஜிகள் சுட்டுக்கொன்றனர். அவர் ஆர்மீனிய இனப்படுகொலையில் அனாதையாக்கப்பட்டவர், சித்ரோன் கார் ஆலைத் தொழிலாளி, கவிஞர், கம்யூனிஸ்ட். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு இருமுறை விண்ணப்பித்தும் அவருக்கு அது கிடைக்கவில்லை. தன்னைக் குடிமகனாக ஏற்காத நாட்டின் விடுதலைக்காக அவர் உயிரைக் கொடுத்தார்.

அந்த விழாவில் தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென்னும் வந்து அமர்ந்திருந்தார். குடியேறிகளே நாட்டின் ஆபத்து என்று அரை நூற்றாண்டாக முழங்கிவரும் கட்சி அவருடையது. 1972இல் அக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பியர் பூஸ்கே, ஹிட்லரின் வாஃபென் எஸ்.எஸ். படையில் பணியாற்றியவர். கொன்றவர்களின் வாரிசுகள் கொல்லப்பட்டவரின் கல்லறையில் தேசபக்தி முகமூடியுடன் நிற்க முடிகிறதென்றால், 1940-44 காலத்தின் வரலாற்றை மீண்டும் உரத்துச் சொல்லவேண்டிய தேவை எழுந்துவிட்டது என்றே பொருள்.

தோல்விக்கு முன்பே தொடங்கிய சரணாகதி

1940 மே 10 அன்று ஜெர்மானியப் படைகள் மேற்கு நோக்கிப் பாய்ந்தன. ஜூன் 14 அன்று பாரிஸ் வீழ்ந்தது. ஜூன் 22 அன்று மார்ஷல் பெத்தேனின் அரசு போர்நிறுத்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ஐரோப்பாவின் வலிமைமிக்க ராணுவங்களில் ஒன்று ஆறே வாரங்களில் நொறுங்கியது எப்படி? டாங்கிகளும் விமானங்களும் இக்கேள்விக்குப் பாதி விடையே தருகின்றன. மீதி விடை 1936இல் இருக்கிறது.

அந்த ஆண்டு மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. சுமார் 20 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்தனர். வாரத்திற்கு 40 மணி நேர வேலை, ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுப்பு, கூலி உயர்வு, தொழிற்சங்க உரிமை ஆகியவை வென்றெடுக்கப்பட்டன. அந்த ஜூன் மாதத்தைப் பெருமுதலாளிகள் மன்னிக்கவே இல்லை. பிரதமர் லெயோன் ப்ளூமைவிட ஹிட்லரே மேல் என்ற பேச்சு வலதுசாரி வட்டாரங்களில் வெளிப்படையாகவே உலவியது. 1938 நவம்பர் 30 பொது வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. அதே மாதம், 'விரும்பத்தகாத அயலார்' எனக் கருதப்படுவோரை அடைத்துவைக்க அரசாணை வந்தது. பிராங்கோவிடமிருந்து தப்பி வந்த ஸ்பானிய அகதிகளைக் குடியரசு அரசே முள்வேலி முகாம்களில் அடைத்தது. 1939 செப்டம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. பின்னர் பெத்தேன் ஆட்சி பயன்படுத்திய முகாம்களும் காவல்துறைப் பட்டியல்களும் அவருக்கு முன்பே தயாராக இருந்தன.

1940 ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம் 569க்கு 80 என்ற வாக்குகளில் முழு அதிகாரத்தையும் பெத்தேனிடம் ஒப்படைத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் பதவி பறிக்கப்பட்டிருந்தனர். வாக்களித்த சோசலிஸ்ட் உறுப்பினர்களிலும் பெரும்பான்மையோர் பெத்தேனுக்கே வாக்களித்தனர். 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' போய் 'உழைப்பு, குடும்பம், தாயகம்' என்ற முழக்கம் வந்தது. உழைப்பைப் போற்றிய அரசு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளைக் கலைத்தது. வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. தாயகத்தைப் போற்றிய அரசு, ஆக்கிரமிப்புப் படையின் செலவுக்காக நாளொன்றுக்கு 40 கோடி பிராங்குகளை ஜெர்மனிக்குக் கப்பம் கட்டியது.

ரியோமில் திரும்பித் தாக்கிய கேள்வி

தோல்விக்குக் காரணம் தொழிலாளர்களின் விடுப்பும் 40 மணி நேர வேலையும்தான் என்பது பெத்தேன் கும்பலின் வாதம். இதை நிலைநாட்ட 1942 பிப்ரவரியில் ரியோம் நகரில் ஒரு வழக்கையே நடத்தினார்கள். ப்ளூமும் தலாதியேவும் கூண்டில் ஏற்றப்பட்டனர். நீதிமன்றம் 1936க்குப் பிந்தைய ஆண்டுகளை மட்டுமே விசாரிக்கும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. காரணம் எளிது: 1934இல் போர் அமைச்சராக இருந்தவர் பெத்தேன், ராணுவச் செலவு வெட்டப்பட்டதும் அவர் காலத்தில்தான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இதை நீதிமன்றத்திலேயே போட்டுடைத்தனர். வழக்கு ஆட்சியாளர்களுக்கே வினையாக முடிய, ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. பிறகு தொடரவே இல்லை. ஆளும் வர்க்கம் தன் தோல்விகளுக்கு உழைப்பவர்களைப் பொறுப்பாக்கும் பழக்கம் பழையது. ரியோமில் அதன் பொய் சபையேறி அம்பலமானது.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து எழுந்த குரல்

இந்த வரலாற்றைச் சொல்லும்போது கம்யூனிஸ்டுகளின் தடுமாற்றத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1939 சோவியத்-ஜெர்மன் உடன்பாட்டிற்குப் பின், போரை இரு தரப்பிலும் ஏகாதிபத்தியப் போராகவே கட்சித் தலைமை மதிப்பிட்டது. 1940 கோடையில், லூமானிதே ஏட்டைச் சட்டபூர்வமாக வெளியிட ஆக்கிரமிப்பு அதிகாரிகளிடம் அனுமதி கேட்கும் அளவுக்கு அந்தத் தவறு போயிற்று. ஆனால் அதே கட்சியின் சார்ல் தியோன், 1940 ஜூன் 17 அன்றே ஹிட்லரின் பாசிசத்திற்கு எதிராகப் போராட அழைக்கும் துண்டறிக்கையை வெளியிட்டார். சோவியத் யூனியன் தாக்கப்பட்ட பிறகே பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகள் விழித்தார்கள் என்ற பரப்புரைக்கு வடக்குச் சுரங்கங்கள் பதில் சொல்கின்றன.

1941 மே 27 அன்று தூர்ஜ் பகுதியில் ஒரு சுரங்கத்தில் வேலை நின்றது. சில நாட்களில் நோர், பா-தெ-கலே மாவட்டங்களில் சுமார் ஒரு லட்சம் தொழிலாளர்கள் போராட்டத்தில் இருந்தனர். கூலி, உணவு, சோப்பு இவைதான் கோரிக்கைகள். ஆனால் அந்த நிலக்கரியை நம்பி ஜெர்மானியப் போர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்க நிர்வாகங்கள் போராளிகளின் பெயர்களை அதிகாரிகளுக்குக் கொடுத்தன. பெண்கள் ஊர்வலமாகச் சென்று கருங்காலிகளை வழிமறித்தனர். ஜூன் 9 வரை போராட்டம் நீடித்தது. 200க்கும் மேற்பட்டோர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர், பலர் திரும்பவில்லை. ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லையைத் தாண்டியது இதன் பிறகு, ஜூன் 22 அன்றுதான்.

அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, நான்த் நகர ஜெர்மானியத் தளபதி கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஷாத்தோபிரியானில் 27 பணயக் கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களில் கி மொக்கேவுக்கு வயது 17. யாரைக் கொல்வது என்ற பட்டியலில் கம்யூனிஸ்டுகளை முன்னிறுத்தியவர் விஷி அரசின் உள்துறை அமைச்சர் பியர் ப்யூஷு. அமைச்சராகும் முன் அவர் உருக்கு முதலாளிகளின் கூட்டமைப்பில் பணியாற்றியவர்.

சிவப்புச் சுவரொட்டி

விஷி அரசு பதவியேற்றதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, 1927 முதல் வழங்கப்பட்ட குடியுரிமைகளை மறுஆய்வு செய்யச் சட்டம் போட்டது. 1940 ஜூலை 22 தேதியிட்ட அந்தச் சட்டத்தால் சுமார் 15,000 பேர் குடியுரிமை இழந்தனர். அக்டோபரில் யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது. குடியுரிமைப் பதிவேட்டில் தொடங்கிய பாதை எங்கே முடிந்தது என்பதை 1942 ஜூலை 16, 17 தேதிகள் காட்டின. பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் சுமார் 13,000 யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். வீட்டுக் கதவைத் தட்டியது பிரெஞ்சுக் காவல்துறை. பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஒரு குடியரசுத் தலைவர் வெளிப்படையாக ஏற்க 1995 வரை ஆயிற்று.

இந்த வேட்டைக்கு இரையாக வேண்டியிருந்தவர்களே ஆயுதம் ஏந்தினர். குடியேறித் தொழிலாளர்களைக் கொண்டு கம்யூனிஸ்டுகள் கட்டிய படைப்பிரிவின் பாரிஸ் பொறுப்பை மனூஷியான் ஏற்றார். போலந்து, ஹங்கேரி யூதர்கள், இத்தாலியர், ஆர்மீனியர், ஸ்பானியர் எனப் பலரும் அதில் இருந்தனர். பிரெஞ்சுத் தொழிலாளர்களைக் கட்டாய உழைப்புக்காக ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்யும் பொறுப்பிலிருந்த எஸ்.எஸ். அதிகாரி ரிட்டரை 1943 செப்டம்பரில் அவர்கள் வீழ்த்தினர். நவம்பரில் அவர்களைப் பிடித்துக் கொடுத்ததும் பிரெஞ்சுக் காவல்துறையின் தனிப்பிரிவுதான். பத்து முகங்களை அச்சிட்டு, அயலார், யூதர், குற்றவாளிகள் என்று இகழும் சிவப்புச் சுவரொட்டி தெருவெங்கும் ஒட்டப்பட்டது. 22 பேர் மோன்-வலேரியனில் சுடப்பட்டனர். ஓல்கா பன்சிக் ஸ்டுட்கார்ட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார். ஜெர்மன் மக்கள் மீது தமக்கு வெறுப்பு இல்லை என்று மனூஷியான் தம் கடைசிக் கடிதத்தில் எழுதினார்.

இன்னும் முடியாத போர்

எதிர்ப்பியக்கம் எதிரியை விரட்டுவதோடு நிற்கவில்லை. 1944 மார்ச் 15 அன்று, தலைமறைவில் இருந்தபடியே, எதிர்ப்பியக்கத்தின் தேசியக் குழு நாளைய பிரான்சுக்கான திட்டத்தை ஏற்றது. சமூகப் பாதுகாப்பும் நாட்டுடைமையும் அதில் இருந்தன. பகைவனுக்கு உற்பத்தி செய்துகொடுத்த ரெனோ 1945இல் நாட்டுடைமையாயிற்று. உலோகத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான கம்யூனிஸ்ட் அம்ப்ருவாஸ் க்ருவாசா, நாடு முழுவதும் சமூகப் பாதுகாப்பு அமைப்பைக் கட்டினார்.

இத்திட்டத்தைப் படிப்படியாகக் கலைப்பதே சீர்திருத்தங்களின் உட்பொருள் என்று 2007இல் பெருமுதலாளிகள் சங்கத்தின் முன்னாள் துணைத்தலைவர் தெனி கெஸ்லர் எழுதினார். 2023இல் ஓய்வூதிய வயது 62இலிருந்து 64 ஆக, தேசிய சட்டமன்றத்தின் வாக்கெடுப்பு இன்றியே உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், லெ பென் கட்சியின் வாக்குகளுடன் குடியேறிகளுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. இரண்டு மாதம் கழித்து, குடியேறி மனூஷியானுக்கு அரசு மரியாதை.

சிலைகளும் மலர்வளையங்களும் தொழிலாளி வர்க்கத்திற்குப் போதாது. நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு உழைப்பவரின் உரிமையைப் பறிப்பவர்களும், குடியுரிமை ஏட்டைப் புரட்டி மனிதர்களைப் பிரிப்பவர்களும் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை விஷியின் நான்கு ஆண்டுகள் காட்டிவிட்டன. நாட்டைக் காத்தவர்களின் பட்டியல் தூர்ஜ் சுரங்கத்திலும் மோன்-வலேரியன் சுவரிலும் இருக்கிறது. பாந்தியோனில் அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலுக்கு உரியவர்கள் என்ற கேள்வியை உழைப்பவர்கள் ஒவ்வொரு பிப்ரவரி 21இலும் கேட்டாக வேண்டும்.