எதிர்வீட்டுக்குப் போகும் போட்டோ

கருவேப்பிலங்குறிச்சியில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பேத்தியின் பிறந்தநாள் போட்டோவை எதிர்வீட்டு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தெரு மட்டும்தான். ஆனால் போட்டோ அந்தத் தெருவை நேராகத் தாண்டாது. செல்போன் டவருக்குப் போய், கேபிள் வழியாக ஏதோ ஒரு பெருநகரத்தை அடைந்து, வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டு, அதேபோல் திரும்பி வந்து அக்காவின் போனில் 'டிங்' என்கும். பக்கத்து ஊருக்குப் போவதற்குக்கூட விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏறுகிற நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது!

முன்பு இதைவிட மோசம். இந்தியாவுக்குள்ளேயே ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் இணைப்புக்குப் போகும் தகவல்கூட, பல நேரம் வெளிநாடு போய்த்தான் திரும்பியது. வெளிநாட்டுக் கேபிளுக்கு டாலரில் வாடகை வேறு. உள்ளூர்த் தகவலை உள்ளூரிலேயே கைமாற்றிக்கொள்ள 2003-ல் 'நிக்ஸி' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையிலும் அதற்கு ஒரு சந்திப்பு மையம் உண்டு.

சரி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தகவல் ஓடுகிறது, எந்தக் கேபிளைப் பெரிதாக்க வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

விருத்தாசலம் ஜங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆள் நின்று, ரயிலில் எத்தனை தலை என்று எண்ணலாம். ஆனால் சேலம் பக்கமிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் கடலூருக்கு மாறினார்கள், எத்தனை பேர் சென்னைக்குப் போனார்கள் என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. இணையத்திலும் இதே சங்கடம்தான். ஒவ்வொரு கேபிளிலும் எவ்வளவு ஓடுகிறது என்பது சுலபமாகத் தெரியும். எங்கிருந்து எங்கே என்பது தெரியாது. தகவல் துணுக்கு ஒவ்வொன்றிலும் முகவரி இருக்கிறதே என்பீர்கள். நொடிக்குக் கோடிக்கணக்கில் பறப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிவைக்க முடியாது. அதனால் சாம்பிளுக்குக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறார்கள். மீதி ஊகம்.

அந்த ஊகத்துக்கு நியூட்டனின் ஈர்ப்பு விசையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பெரிய பொருள்கள் ஒன்றையொன்று அதிகமாக இழுப்பதுபோல, அதிகம் அனுப்புகிற ஊருக்கும் அதிகம் வாங்குகிற ஊருக்கும் நடுவே போக்குவரத்து அதிகம் என்று முதலில் வைத்துக்கொள்வது. பிறகு கேபிள்களில் எண்ணிய கணக்கோடு ஒத்துப்போகும்வரை திருத்துவது. பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும்.

சினிமாவும் கிரிக்கெட்டும் வந்தால்தான் கணக்கு குழம்பும். எல்லோரும் பார்க்கிற வீடியோவின் நகலை நமக்குக் கிட்டத்திலேயே ஒரு சர்வரில் வைத்துவிடுகிறார்கள். சில சமயம் ஹாலிவுட் படம் வருகிற தூரத்தைவிட எதிர்வீட்டுக்குப் போகிற போட்டோவின் தூரம் அதிகம்! 2023 உலகக்கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மாலையை நம்பி மட்டும் கேபிள் போட்டால் மற்ற நாளெல்லாம் அது வீண். போடாவிட்டால் கடைசி ஓவரில் வட்டம் சுற்றும்.

எனக்கு உறுத்துவது இன்னொரு விஷயம். இந்தக் கணக்கு ஓடியதை மட்டுமே எண்ணும், ஓட முடியாமல் போனதை எண்ணாது. கிராமத்தில் சிக்னல் இழுக்கிறது என்று, கல்லூரி விண்ணப்பம் போட ஒரு பெண் பஸ் ஏறி விருத்தாசலம் பிரவுசிங் சென்டருக்குப் போகிறாள். அவள் பயன்படுத்திய டேட்டா டவுன் கணக்கில் ஏறுகிறது. முடிவு? டவுனுக்கு இன்னும் வேண்டும், கிராமத்தில் தேவை குறைவு! இல்லாததால் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தாததால் கிடைக்கவில்லை.

'பாரத்நெட்' திட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தபோது, எங்கே அதிகம் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. ஊராட்சிப் பட்டியலை வைத்துக்கொண்டு கேபிள் போடக் கிளம்பியது. தமிழ்நாட்டுக் கணக்கு 12,525 ஊராட்சிகள். வேலை இழுத்துக்கொண்டே போனது என்பது வேறு கதை.

இடையில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொலைத்தொடர்பு ஆணையமான டிராய், 'மைஸ்பீடு' என்று ஓர் இலவச ஆப் வைத்திருக்கிறது. நெட் வேகத்தை அளந்து ஆணையத்துக்கு அனுப்பும், பெயர் போகாது. மதியம் நெட் பறக்கும்போது அளக்காதீர்கள். ராத்திரி எட்டரை மணிக்கு, வீட்டில் எல்லோரும் போனை எடுத்து வட்டம் சுற்றத் தொடங்கும்போது, அதே திண்ணையில் உட்கார்ந்து அளந்து பாருங்கள்.